ஆதிமூச்சு, பத்தொன்பது நிமிடம்

கண்ணாடிக்காரர்: ...அதாவது, மனுஷனுக்குக் காதுன்னு ஒண்ணு எதுக்காகக் கொடுக்கப்பட்டுச்சோ, அந்தக் காரணம் இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நிறைவேறுது. எழுதி வெச்சுக்கோ மாப்ளே.

மச்சினன்: மாமா, ஸ்பீக்கர் பிளக்கே சொருகலை. அஞ்சு நிமிஷமா கண்ணை மூடித் தலையாட்டிக்கிட்டிருந்தீங்க. நானும் கூடவே ஆட்டினேன்.

கண்ணாடிக்காரர்: முதல்ல மௌனம். அப்புறம்தான் பிளக்கு. அதுக்குத்தான் ஆட்டினேன்.

மச்சினன்: சரி, சொருகவா?

கண்ணாடிக்காரர்: சொருகு. பாத்து, பாத்து... பெட்டியை மிதிச்சுடாதே!

மச்சினன்: கால் வெக்க இடம் எங்க மாமா இருக்கு? கண்ணு டெஸ்ட் பண்ற ரூமா இது? தரை பூரா வயரு. சுவத்துல மட்டும்தான் நம்பர் சார்ட் இருக்கு. டெஸ்ட்டுக்கு வர்றவங்க எங்க உக்காருவாங்க?

கண்ணாடிக்காரர்: அந்த நாற்காலியில.

மச்சினன்: அதுல கிட்டார் உக்காந்திருக்கு.

கண்ணாடிக்காரர்: அதுதான் மூணு மாசமா உக்காந்திருக்கு. நான் ஒரு ஆல்பம் பண்ணிக்கிட்டிருக்கேன்னு சொன்னா ஜனங்க புரிஞ்சுக்குவாங்க.

மச்சினன்: எட்டு ஸ்பீக்கரை வேன்ல ஏத்திக்கிட்டிருந்தேன். வாடகைக்கு எடுத்தவங்க வாசல்ல நின்னு கத்தறாங்க. அக்கா போன் பண்ணி, ‘உங்க மாமாவுக்கு ஒரு கேபிள் வேணுமாம், உயிர் போற அவசரம்’னு சொல்லவும் ஓடி வந்தேன்.

கண்ணாடிக்காரர்: உயிர் போறது இல்ல. உயிர் வர்றது. உனக்கு மைக்செட் போடத்தான் தெரியும். ஒலின்னா என்னன்னு தெரியுமா?

மச்சினன்: தெரியாது மாமா. சத்தம் தெரியும்.

கண்ணாடிக்காரர்: அதான் வித்தியாசம். இங்க பாரு. இது எதிரொலிப் பெட்டி. இது குகைப் பெட்டி, ஒரு தட்டு தட்டினா மலைக்குள்ள தட்டின மாதிரி கேக்கும். இது வாசிச்சதைப் பிடிச்சுவெச்சுத் திரும்பத் திரும்ப ஓட்டற பெட்டி. இந்தச் சின்ன ஸ்விட்ச் வந்து... இது வந்து...

மச்சினன்: மேல என்னமோ எழுதியிருக்கே. குனிஞ்சு பாக்கறேன் இருங்க...

கண்ணாடிக்காரர்: படிக்காதே! கலைஞன் பெட்டியைப் படிக்கவே கூடாது. விரலால உணரணும்.

மச்சினன்: உணர்ந்தீங்களா?

கண்ணாடிக்காரர்: மூணு மாசமா உணர்ந்துக்கிட்டே இருக்கேன். ஒரே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், அஞ்சு பெட்டி. வேற ஒண்ணு கிடையாது. கீபோர்டு இல்ல, தபேலா இல்ல, பாட்டுக்காரன் இல்ல. ஆம்பியன்ட் ஆல்பம், சும்மா சூழ்ந்து மிதக்கற ஒலி. பேரு ‘செவிக்கு முன்’.

மச்சினன்: மெட்டு?

கண்ணாடிக்காரர்: கிடையாது.

மச்சினன்: தாளம்?

கண்ணாடிக்காரர்: சீ!

மச்சினன்: பாட்டு முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?

கண்ணாடிக்காரர்: கேக்கறவன் எழுந்து போயிடுவான். சரி, கேளு. மூணாம் பாட்டை ரெண்டு விதமாப் பதிவு பண்ணியிருக்கேன். இது தெளிவா... இல்ல, இது தெளிவா?

மச்சினன்: ரெண்டும் ஒண்ணுதான் மாமா.

கண்ணாடிக்காரர்: அவசரப்படாதே. மறுபடி. ஒண்ணு... ரெண்டு. எது தெளிவு?

மச்சினன்: மாமா, எனக்குக் கண்ணாடி வேண்டாம்.

மனைவி: என்ன, ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்து என்ன பண்றீங்க? வெளிய கவுன்ட்டர்ல ரெண்டு பேர் பிரேம் மாத்த நிக்கறாங்க. தம்பி, கேபிள் குடுத்துட்டியா?

மச்சினன்: குடுத்துட்டேன்க்கா. இப்ப எனக்குப் பார்வை பாத்துக்கிட்டிருக்காரு.

மனைவி: ஏங்க, மணி மூணே கால் ஆச்சு. நாலு மணிக்குள்ள அனுப்பணும்னு சொன்னீங்களே? எதிர்க் கடைக்காரர் வேற வாசல்ல நின்னு இங்கயே பாக்கறார். கொஞ்ச நாளா உங்களைப் பாத்தா ஒரு மாதிரி சிரிக்கிறாரே, என்ன விஷயம்?

கண்ணாடிக்காரர்: பொறாமை. அவன் பேச்சை என்கிட்ட எடுக்காதே. கம்ப்யூட்டர் டெஸ்ட்டுன்னு போர்டு போட்டுக்கிட்டு... கண்ணுக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன். அந்தக் கடைப் படியை நான் மிதிச்சா என் பேரை மாத்திக்கறேன்.

மனைவி: சரி சரி, யாரு மிதிக்கச் சொன்னா?

கண்ணாடிக்காரர்: மாப்ளே, இந்தா போனு. இசை நிறுவனத்துக்காரங்க அனுப்பின கடிதம். சத்தமாப் படி. உங்க அக்காவும் முழுசாக் கேக்கட்டும்.

மச்சினன்: உங்க கடிதம்தானே? நீங்களே படிங்க.

கண்ணாடிக்காரர்: படிக்க ஆரம்பிச்சாலே தொண்டை அடைக்குதுடா.

மனைவி: இப்பல்லாம் அவருக்கு எதைப் படிச்சாலும் அடைக்குது. இருமல் மருந்து எத்தனை மூடின்னு பாத்துச் சொல்லுங்கன்னேன், அதுக்கும் தொண்டை அடைச்சுது.

கண்ணாடிக்காரர்: கலை ஆளை இளக்கிடும்.

மச்சினன்: படிக்கறேன். ‘அன்புள்ள கலைஞரே, தங்கள் ஏழு பாடல்களையும் எங்கள் குழுவினர் படுத்துக்கொண்டே கேட்டனர்.’

மனைவி: பாவம்.

மச்சினன்: ‘நான்கு பாடல்கள் வரை யாரும் எழவில்லை. ஐந்தாவதான ‘ஆதிமூச்சு’ எங்களை எழுந்து உட்காரச் செய்தது. ஆழத்தில் யாரோ எதையோ தேடுகிறார், கிடைக்கவில்லை. ஒவ்வொரு அலையும் மும்முறை எழுகிறது, பின் அடங்குகிறது. பதினான்காம் நிமிடத்தில் தந்திகள் ஒரே ஒருமுறை அதிர்கின்றன. அங்கே உலகம் தொடங்குகிறது.’ ...மாமா, நிஜமாவே எழுதியிருக்காங்களே!

கண்ணாடிக்காரர்: பின்ன? பதினோரு வருஷமா அனுப்பறேன்டா. இதுவரைக்கும் ஒருத்தன் ஒரு வரி எழுதினதில்ல. ஒரு தடவை ஒரு கம்பெனிக்காரன், ‘தங்கள் கோப்பில் ஒலி எதுவும் இல்லை, தயவுசெய்து மறுபடி அனுப்பவும்’னு எழுதினான். ஒலி இருந்துச்சுடா அதுல! இவங்க ஒருத்தர்தான்... முழுசாக் கேட்டிருக்காங்க.

மனைவி: அவர் கண்ணு கலங்குது பாரு. நிஜமாத்தான்.

மச்சினன்: இன்னும் இருக்கு. ‘எங்கள் நிறுவனம் எலெக்ட்ரிக் கிட்டாரும் அதன் எஃபெக்ட்ஸ் பெட்டிகளும் தவிர வேறெந்த ஒலியையும் வெளியிடுவதில்லை. ஆகவே சான்றாக, ஆதிமூச்சின் பச்சைப் பதிவை, அதாவது பெட்டிகளுக்குள் போவதற்கு முன் கிட்டாரிலிருந்து வந்தது வந்தபடி, மாலை நான்கு மணிக்குள் அனுப்பவும்.’

மனைவி: என்னது? பச்சைப் பதிவா?

கண்ணாடிக்காரர்: அதெல்லாம் ஒரு சம்பிரதாயம்...

மச்சினன்: ‘கூடவே, அது பதிவானபோது தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதவும். பொய் என்று தெரிந்தால் ஒப்பந்தம் ரத்து. நான்கு மணிக்குள் வராவிட்டால், வரிசையில் அடுத்து இருக்கும் பல் மருத்துவரின் ஆல்பம் வெளியிடப்படும்.’

மனைவி: பல் டாக்டரா!

கண்ணாடிக்காரர்: பல் டாக்டர்! எனக்குப் பதிலா! பல்லைக் குடையற மெஷினைக் கிட்டார்னு சொல்லி அனுப்பியிருப்பான். நான் வியாபாரிகள் சங்கத்துல மைக்கைப் பிடிச்சுச் சொல்லிட்டேன்டா, ஆல்பம் வருதுன்னு. வாசல் போர்டையே மாத்திட்டேன்.

மச்சினன்: பாத்தேன். ‘கண் பரிசோதனை மற்றும் ஒலி அனுபவம்’. கீழே வெளிநாட்டுப் பிரேம் பத்து சதவீதத் தள்ளுபடின்னு இருக்கு.

கண்ணாடிக்காரர்: அந்த ஒரு வரிப் பதிலை நான் போன வாரமே எழுதிட்டேன். இந்தா, நாலு பக்கம்.

மச்சினன்: ஒரு வரின்னுதானே கேட்டாங்க?

கண்ணாடிக்காரர்: ஒரு வரிதான். நாலு பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே வெக்கலை. படி.

மச்சினன்: ‘நான் வாசிக்கவில்லை, வாசிக்கப்பட்டேன், பத்தொன்பது நிமிடம் என் விரல்கள் தந்தியின் மேல் இருந்தும் இல்லாமலும், நான் அறைக்குள் இருந்தும் இல்லாமலும்...’ இது என்ன மாமா, எழுத்து இப்படிக் கோட்டை விட்டு மேலயும் கீழயும் போகுது?

கண்ணாடிக்காரர்: உணர்ச்சி.

மச்சினன்: சரி, விடுங்க. மணி மூணு இருபத்தஞ்சு. பச்சைப் பதிவு ரெக்கார்டர்ல இருக்கும்ல? எடுங்க, அனுப்பிடலாம்.

கண்ணாடிக்காரர்: அழிஞ்சு போச்சுன்னு எழுதிட்டா என்ன?

மனைவி: நானும் அதையேதான் நினைச்சேன். அழிஞ்சு போச்சுன்னு எழுதிடுங்க.

மச்சினன்: இருங்க, இருங்க. ரெண்டு பேரும் ஒரே பேச்சு பேசறீங்களே! கல்யாணம் ஆன நாளாக் காத்திருந்தேன் இதுக்கு. ஏன்க்கா, உனக்கென்ன வந்துச்சு?

மனைவி: எனக்கென்ன? அவர் கலைஞர். அவர் அழிஞ்சு போச்சுன்னா அழிஞ்சு போச்சு.

மச்சினன்: நேத்து வரைக்கும் ‘கம்பி மேல கையை வெச்சுக்கிட்டுத் தூங்கறார்’னு சொன்ன.

கண்ணாடிக்காரர்: அப்படியா சொன்ன?

மனைவி: பேச்சை மாத்தாதே தம்பி.

மச்சினன்: அழியவே இல்ல. இதோ இருக்கு, ரெக்கார்டர்ல. ஆதிமூச்சு... பச்சை... இது என்ன மாமா, ஒன்பதரை நிமிஷம்தான் இருக்கு? பாட்டு பத்தொன்பது நிமிஷம். பச்சைப் பதிவு ஒன்பதரை. மீதி ஒன்பதரை நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சு?

கண்ணாடிக்காரர்: தியானத்துலேர்ந்து.

மச்சினன்: மாமா, நான் இருபது வருஷமா மைக்செட் போடறவன். தியானம் கேபிள் வழியா வராது. இருங்க, இந்தச் சின்ன ஸ்விட்ச்சைப் பாப்போம். டார்ச் அடி அக்கா. ‘அரை வேகம்’னு எழுதியிருக்கு. ஸ்விட்ச்சும் அங்கயேதான் நிக்குது.

கண்ணாடிக்காரர்: அரை... என்ன?

மச்சினன்: அரை வேகம். நீங்க எதை வாசிச்சாலும் பெட்டி அதைப் பாதி வேகத்துல இழுத்து ஓட்டும். சுருதியும் அடியில போயிடும். ஏழு பாட்டும் இப்படித்தானா?

கண்ணாடிக்காரர்: ஸ்விட்ச்சை நான் தொட்டதே இல்லையே... வாங்கின நாள்லேர்ந்து அப்படியேதான் இருக்கு. அப்ப... என் நிதானம்?

மச்சினன்: ஸ்விட்ச்.

கண்ணாடிக்காரர்: என் ஆழம்?

மச்சினன்: அதுவும் ஸ்விட்ச்தான். மூணாம் பாட்டோட பச்சைப் பதிவைப் போடறேன், கேளுங்க... ம்... இது கார் ரிவர்ஸ் எடுக்கும்போது வர்ற பாட்டு மாதிரி இல்ல?

மனைவி: அதே மாதிரிதான் இருக்கு.

கண்ணாடிக்காரர்: நிறுத்து!

மனைவி: விடுடா, மனுஷனுக்கு முகமே செத்துப் போச்சு. ஏங்க, பரவாயில்லைங்க. அரை வேகமும் ஒரு வேகம்தானே.

மச்சினன்: தப்பே இல்ல மாமா. ஸ்விட்ச்சும் எஃபெக்ட்ஸ்ல சேர்த்திதான். அவங்க விதிப்படி சரியாத்தான் இருக்கு. வாங்க, ஆதிமூச்சைக் கேட்டுட்டு அனுப்பிடலாம்.

கண்ணாடிக்காரர்: கேக்க வேண்டாம்! கேக்காம அனுப்பு.

மனைவி: ஆமா, கேக்க வேண்டாம். அனுப்பவும் வேண்டாம்.

கண்ணாடிக்காரர்: ஒண்ணுமே இருக்காதுடா அதுல. வெறும் நிசப்தம். அந்த நிசப்தத்துலேர்ந்துதான் பெட்டிங்க எல்லாம் சேர்ந்து... அது ஒரு... பச்சையா கேக்கறது அநாகரிகம்.

மச்சினன்: நிசப்தத்துக்கு எதுக்கு மும்முறை அலை வருது? நகருங்க. போடறேன்.

மனைவி: தம்பி, வேண்டாம்டா... சொன்னாக் கேளு...

ரெக்கார்டரில் மனைவி: ...வாங்கய்யா, உக்காருங்க. கிட்டாரை அப்படியே எடுத்து மடியில வெச்சுக்கோங்க. கீழே வெக்க இடமில்லை.

ரெக்கார்டரில் ஏலக்காரர்: இது எதுக்கும்மா? இதுவும் டெஸ்ட்டுக்கா?

ரெக்கார்டரில் மனைவி: ஆமா... டெஸ்ட்டுக்குத்தான். கொழந்தையைப் பிடிக்கற மாதிரி அணைச்சுப் பிடிங்க. லைட்டை அணைக்கறேன். மேல் வரி படிங்க.

ரெக்கார்டரில் ஏலக்காரர்: ஏழு! ஏழு! ஏழு!

ரெக்கார்டரில் மனைவி: ஒரு தரம் சொன்னாப் போதும்யா. ரெண்டாவது வரி?

ரெக்கார்டரில் ஏலக்காரர்: நாலு! நாலு! நாலு!

மச்சினன்: அக்கா... யாரு இது?

மனைவி: பழைய சாமான் ஏலம் போடுவாரே, கடைத்தெரு மூலையில... ரிட்டயர் ஆயிட்டார். அவருக்கு எதையும் மூணு தரம் சொன்னாத்தான் சொன்ன மாதிரி இருக்கும்.

மச்சினன்: மும்முறை எழுந்து அடங்குகிறது!

கண்ணாடிக்காரர்: என் கிட்டாரை... மடியில...

ரெக்கார்டரில் மனைவி: இது தெளிவா... இல்ல, இது தெளிவா?

ரெக்கார்டரில் ஏலக்காரர்: ரெண்டும் ஒண்ணுதான்! ஒண்ணுதான்! ஒண்ணுதான்!

மச்சினன்: நான் சொன்னதையேதான் சொல்றார். கொஞ்சம் தள்ளி ஓட்டறேன் இருங்க. பாட்டுல பதினாலாம் நிமிஷம்னா, இதுல ஏழாவது...

ரெக்கார்டரில் மனைவி: அடி வரி? கொஞ்சம் முயற்சி பண்ணுங்க.

ரெக்கார்டரில் ஏலக்காரர்: தெரியலை... ஒரு தரம்! தெரியலை... ரெண்டு தரம்! தெரியலை... மூணு தரம்!

மச்சினன்: டங்குன்னு கேட்டுச்சே, அது என்ன?

மனைவி: ஏலம் முடிஞ்சா சுத்தியலால தட்டுவாரில்ல. கையில சுத்தியல் இல்ல. அதான், கிட்டார் மேலயே ஒரு தட்டு.

மச்சினன்: மாமா, அங்கதான் உலகம் தொடங்குது.

கண்ணாடிக்காரர்: நிறுத்து. நிறுத்துடா அதை... மைக்கே இல்லையே இந்த ரூம்ல! எப்படிப் பதிவாச்சு?

மச்சினன்: உங்க கிட்டார் பழசு மாமா. தந்தி அதிர்வைப் பிடிக்கற பிக்அப்புல மெழுகு காஞ்சு போயிருந்தா, கிட்ட வாயை வெச்சுக் கத்தறதைக்கூடப் பிடிச்சுக்கும். இவர் கத்தினதைப் பக்கத்துத் தெரு கிட்டாரே பிடிச்சிருக்கும்.

கண்ணாடிக்காரர்: அது கிடக்கட்டும். நீ என்ன, நான் இல்லாதப்ப கண்ணு டெஸ்ட் பண்ணியிருக்க?

மனைவி: பண்ணினேன்.

கண்ணாடிக்காரர்: எத்தனை பேருக்கு?

மனைவி: அவர் ஒருத்தருக்குத்தான்.

மச்சினன்: அக்கா...

மனைவி: ...ஒரு நாப்பது பேர் இருக்கும். ஏன், நீங்க கதவைச் சாத்திக்கிட்டுப் பிரபஞ்சத்தைத் தேடுவீங்க. வர்றவங்க எல்லாரையும் எதிர்க் கடைக்கு அனுப்பணுமா? சாப்பாட்டு நேரத்துல நீங்க வீட்டுக்குப் போய்ப் படுப்பீங்கல்ல, அப்பப்பப் பண்ணினேன். உங்க பக்கத்துலயே நின்னு எத்தனை வருஷம் பாத்திருக்கேன்! ஒருத்தரும் குறை சொல்லிக்கிட்டுத் திரும்பி வரலை.

மச்சினன்: மாமா பண்ணினப்ப?

மனைவி: இப்பக் கொஞ்ச நாளா வந்தாங்க. ஏழெட்டுப் பேர். அவங்களுக்கும் நான்தான் மாத்திக் குடுத்தேன்.

கண்ணாடிக்காரர்: ‘பதிவு நடக்கிறது, உள்ளே வராதே’ன்னு சீட்டு ஒட்டியிருந்தேனே!

மனைவி: அதை நீங்க உள்பக்கம் ஒட்டியிருந்தீங்க.

கண்ணாடிக்காரர்: அது... பிரபஞ்சத்துக்கு.

மச்சினன்: அக்கா, மாமா, மணி மூணு நாப்பத்தஞ்சு. சண்டையை நாலு மணிக்கு மேல வெச்சுக்கலாம். இப்பச் சொல்லுங்க, அனுப்பறதா, வேண்டாமா?

கண்ணாடிக்காரர்: எதை அனுப்பறது? பதினோரு வருஷத்துல எனக்குன்னு ஒரு பாராட்டு வந்துச்சு. அதுவும் ஏலக்காரருக்கு வந்த பாராட்டு. பல் டாக்டரே வரட்டும். போர்டை இறக்கிடறேன்.

மனைவி: ஏங்க...

கண்ணாடிக்காரர்: ‘யாரோ எதையோ தேடுகிறார்’னு எழுதினாங்களே. தேடினது அடி வரியை! நான் அதைக் கேட்டுக்கேட்டு ரெண்டு ராத்திரி அழுதிருக்கேன்.

மனைவி: நானும்தான் அழுதேன். சிரிப்பை அடக்க முடியாம.

மச்சினன்: மாமா, ஒரு தொழில்காரனாச் சொல்றேன், கேளுங்க. அவங்க விதி என்ன? கிட்டாரும் பெட்டியும் தவிர வேற ஒலி கூடாது. இதுல மைக் உண்டா? இல்ல. எல்லாமே கிட்டார் வழியாத்தான் வந்திருக்கு. கிட்டார்தான் கேட்டுச்சு, கிட்டார்தான் சொல்லுச்சு. கிட்டாரை ஒருத்தர் விரலால வாசிப்பார், ஒருத்தர் தொண்டையால வாசிப்பார். சட்டப்படி குத்தமே இல்ல.

கண்ணாடிக்காரர்: அப்படியா சொல்ற?

மச்சினன்: அஞ்சு பெட்டியை வாங்கினது யாரு? வரிசையா மாட்டினது யாரு? அரை வேகத்துல விட்டது யாரு?

கண்ணாடிக்காரர்: நான்... ஆமா, நான்தான். படிக்காமலே விட்டேன்.

மச்சினன்: அதான் கலை. பச்சைப் பதிவை ஏத்தறேன்... ஏறிக்கிட்டிருக்கு... வாசிச்சவர் பேருக்கு ரெண்டு இடம் இருக்கு. ரெண்டாவதுல ஏலக்காரர் பேரைப் போட்டுடலாம். சந்தோஷப்படுவார்.

மனைவி: மூணு தரம் சந்தோஷப்படுவார்.

கண்ணாடிக்காரர்: என் பேரு முதல்ல இருக்கட்டும்.

மச்சினன்: ஏறிடுச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அந்த ஒரு வரி.

கண்ணாடிக்காரர்: நாலு பக்கம் இருக்கே, அதை...

மச்சினன்: ‘என் விரல்கள் தந்தியின் மேல்’னு எழுதியிருக்கீங்க. பச்சைப் பதிவுல ஏலக்காரர் விரல்தான் இருக்கு. பொய்யின்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. ஒப்பந்தம் ரத்து, பல் டாக்டர் உள்ளே.

மனைவி: போனை என்கிட்ட குடு, நான் டைப் பண்றேன். கேள்வி, ‘பதிவானபோது தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ சொல்லுங்க. எங்க இருந்தீங்க?

கண்ணாடிக்காரர்: உள்ளுக்குள்ள.

மனைவி: எதுக்குள்ள?

கண்ணாடிக்காரர்: எனக்குள்ள.

மனைவி: ரூமுக்குள்ள இல்லையே. அது சாப்பாட்டு நேரமே இல்ல, காலையில பத்தரை மணி. ‘ரெக்கார்டிங், யாரும் தட்டக் கூடாது’ன்னு சொல்லிக் கதவைச் சாத்தினீங்க. ஏலக்காரர் வந்து நின்னார். தயங்கித் தயங்கி ஒரு தட்டு தட்டினேன். பதிலே இல்ல. திறந்து பாத்தா நீங்க இல்ல. பின்கதவு லேசாத் திறந்திருக்கு, ரெக்கார்டர் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. முக்கால் மணி நேரம் கழிச்சு, வேர்க்க விறுவிறுக்க அதே பின்கதவு வழியா வந்து, முன்கதவைத் திறந்துக்கிட்டு, ‘ஆதிமூச்சு கிடைச்சுடுச்சு’ன்னு சொன்னீங்க.

கண்ணாடிக்காரர்: அப்பவே தெரியுமா உனக்கு?

மனைவி: தெரியும்.

கண்ணாடிக்காரர்: ஏன் கேக்கலை?

மனைவி: கேட்டா, நீ எதுக்கு உள்ளே போனேன்னு கேப்பீங்க. டெஸ்ட் பண்ணினது தெரிஞ்சுபோகும்... அது மட்டும் இல்ல. ரகசியமா ஆஸ்பத்திரிக்குப் போனீங்களோன்னு ஒரு பயம். ரெண்டு நாள் ராத்திரி உங்க சட்டைப் பையெல்லாம் தேடிப் பாத்தேன். ஒரு சீட்டும் இல்ல. அதுக்கப்புறம் நீங்க எதையும் படிக்க மாட்டேங்கறீங்க, தொண்டை அடைக்குதுங்கறீங்க... நான் என்னன்னு நினைக்கறது?

கண்ணாடிக்காரர்: அய்யோ... ஆஸ்பத்திரி எல்லாம் இல்லம்மா.

மனைவி: பின்ன என்ன? யாராவது...

கண்ணாடிக்காரர்: சேச்சே!

மச்சினன்: மாமா, மணி மூணு அம்பத்தஞ்சு.

கண்ணாடிக்காரர்: ‘நடந்துகொண்டிருந்தேன்’னு போடு.

மனைவி: எங்க நடந்தீங்க?

கண்ணாடிக்காரர்: ரோட்டைத் தாண்டி.

மனைவி: தாண்டி?

கண்ணாடிக்காரர்: தாண்டி... அந்தப் பக்கம்.

மச்சினன்: அந்தப் பக்கம் ஒரே ஒரு கடைதானே மாமா இருக்கு?

கண்ணாடிக்காரர்: நீ வேன்ல ஸ்பீக்கர் ஏத்தணும்னு சொன்னியே, போகலை?

மச்சினன்: இதை விட்டுட்டுப் போவேனா? மூணு அம்பத்தாறு.

மனைவி: ஏங்க, இருங்க... அவர் உங்களைப் பாத்துச் சிரிக்கிறாரே... ஒரு மாதிரி... நீங்க இந்தக் கேள்வியை ஒரு தரம் உங்க வாயால படிங்க. இந்தாங்க போனு. பெரிய எழுத்தாத்தான் இருக்கு.

கண்ணாடிக்காரர்: தொண்டை...

மனைவி: தொண்டை நல்லா இருக்கு. படிங்க. முதல் வார்த்தை என்ன?

கண்ணாடிக்காரர்: கொஞ்சம் தள்ளிப் பிடி... இன்னும் கொஞ்சம்... சுவர் வந்துடுச்சா?

மச்சினன்: தெரியலை, ஒரு தரம்...

மனைவி: சும்மா இருடா. ஏங்க, இதுவா? வெள்ளெழுத்தா? இதுக்கா இந்தப் பாடு? என்கிட்ட சொல்லியிருந்தா நானே பாத்திருக்க மாட்டேனா?

கண்ணாடிக்காரர்: இருபத்திரெண்டு வருஷமா ஊருக்கே கண்ணு பாத்தவன்... என் கடையில, அந்த நாற்காலியில, நானே உக்காந்து... வேண்டாம்மா. சொல்லப்போனா, தூரத்துல இருக்கறது எல்லாம் எனக்குத் தெளிவாத்தான் தெரியுது.

மச்சினன்: மூணு அம்பத்தெட்டு. பல் டாக்டர் வாசல்ல நிக்கறார் மாமா.

மனைவி: நீங்களே சொல்லுங்க. சொல்றபடியே டைப் பண்றேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.

கண்ணாடிக்காரர்: எழுது. ‘எதிர்க் கடையில் கண் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தேன், இரண்டு கண்ணிலும் பிளஸ் இரண்டு.’